குழாயில் போட்ட துண்டு

லாரி இறக்கும் கொட்டகையின் பின்சுவரில் இரண்டு குழாய்கள் வாயை நீட்டிக்கொண்டிருந்தன. இடது பக்கம் ஆசிட். வலது பக்கம் பிளீச். ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே மாதிரி இரும்பு மூடி. சுவருக்கு அந்தப் புறம் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி. நூலை வெளுக்க ஆலைக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. சேர்ந்தால் மஞ்சளும் பச்சையுமாக ஒரு காற்று எழும்பும். அது நெஞ்சுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும்.

எது எது என்று சுவரில் எழுதியிருந்தது. ஆவி பட்டு எழுத்து உரிந்துவிட்டது. மூடிகளில் ஒரு காலத்தில் பூட்டுத் தொங்கியது. அதுவும் இப்போது இல்லை. இரண்டுக்கும் பதிலாக ஒரு சிவப்புத் துண்டு இருந்தது.

துண்டு, சரக்கு இறக்கும் ஆளுடையது. அதனால் ஆலையில் அவருக்குத் துண்டுக்காரர் என்றே பெயர். டேங்கர் வரும் நாளில் ஏணியில் ஏறித் தொட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பார். உடம்பின் மேல் கொட்டிவிட்டால் ஓடிப்போய் நிற்க ஒரு ஷவர் உண்டு. அதைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, முழங்கால்வரை பூட்ஸ். கடைசியாகக் கழுத்திலிருந்து துண்டை எடுத்து, திறக்க வேண்டிய வாயில் சுற்றி முடிச்சுப் போடுவார். இழுத்தால் வராத முடிச்சு. வந்துபோகும் டிரைவர்களுக்கு அது பழகிவிட்டது. துண்டு எந்த வாயில் இருக்கிறதோ அங்கே ஹோஸை மாட்டுவார்கள். சுவரைப் பார்ப்பதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப் ஓட்டுபவன் அவருடைய தம்பி. வாய் ஓயாதவன்.

"பஸ்ல சீட்டுக்குத் துண்டு போட்டு எடம் பிடிப்பாங்க. ஆசிட்டுக்குத் துண்டு போடுற ஒரே மனுஷன் எங்கண்ணன்தான்" என்பான் டிரைவர்களிடம்.

"நீ பம்பைப் பாருடா."

"பம்ப் எங்க போயிடப்போகுது? ஓடினாத்தானே போவும், அது எங்க ஓடுது?"

துண்டுக்காரரின் மனைவிக்கும் அதே ஆலையில் வேலை. துவைக்கும் அறையில். வேலைக்குப் போட்ட துணியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது ஆலையின் சட்டம். துணியில் ஒட்டியது வீட்டுப் பாயில் ஒட்டும், பிள்ளைகள் மேல் ஒட்டும். ஆகவே அத்தனை பேர் துணியையும் அவளும் இன்னொருத்தியும் துவைத்தார்கள். அவள் விரல்களில் நகம் ஒழுங்காக வளர்ந்ததில்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே வீடு. இரண்டு அறை, நடுவில் ஒரு சமையலறை. தம்பிக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது. சின்னவள் வீட்டிலிருந்தே தைத்துக்கொடுப்பாள். மெஷின் சத்தம் நின்றால் அடுப்புச் சத்தம் கேட்கும். மூத்தவளை அவள் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். கூடப்பிறந்த அக்கா அவளுக்கு இல்லை.

*

அந்த வாரம் மழை விடவில்லை. துவைக்கும் அறையில் கொடி கொள்ளாமல் துணி தொங்கியது. ஒன்றும் காயவில்லை. துணியெல்லாம் ஒரு மாதிரி ஊசிப்போன வாடை அடித்தது.

அன்று காலையில் பம்பைக் கழற்றி மாட்டியபோது துண்டுக்காரரின் துண்டில் கிரீஸ் அப்பிக்கொண்டது. உடை மாற்றும் அறைப் பெஞ்சில் அதைப் போட்டுவிட்டுப் போனார். மூத்தவள் பார்த்தாள். மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகச் சோப்புப் போட்டுக் கசக்கினாள். காயவைக்க இடமில்லை. எதிரே இறக்கும் கொட்டகைக்குக் கூரை உண்டு, காற்றும் வரும். அவருடைய துண்டு எப்போதும் அங்கே குழாயில் தொங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். கதவுக்குப் பக்கமாக இருந்த குழாயில் விரித்துப் போட்டாள். காற்றுக்குப் பறக்காமலிருக்க இரண்டு முனையிலும் துணிக் கிளிப் மாட்டினாள். வரும்போது எடுத்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

கதவுக்குப் பக்கமாக இருந்தது ஆசிட் குழாய்.

அந்தத் துண்டு எந்தக் குழாயில் தொங்குகிறது என்பதில் ஒரு அர்த்தம் இருப்பது அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவர் வேலையைப் பற்றிப் பேசுகிறவர் அல்ல.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டில் நூல் லாரி ஒன்று சேற்றில் இறங்கிவிட்டது. சூப்பர்வைசர் கையில் கிடைத்த ஆட்களையெல்லாம் தள்ளுவதற்குக் கூட்டிக்கொண்டு போனார். துண்டுக்காரரும் போனார். பிளீச் டேங்கர் சாயந்தரம்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மழைக்குப் பயந்த டிரைவர் முன்னாலேயே கிளம்பி, பக்கக் கேட் வழியாக வந்துவிட்டான்.

வந்தவன் துண்டைப் பார்த்தான். இழுத்தான். வந்தது. ஆணியில் மாட்டிவிட்டு மூடியைத் திறந்தான்.

"துண்டு போட்டாச்சா?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி கேட்டான்.

"போட்டாச்சு, போட்டாச்சு. பம்பைப் போடு. மழை வலுக்குது."

பம்ப் ஓடியது.

முதலில் தொட்டிக்குள் கொதிப்பது போலச் சத்தம் கேட்டதாம். பிறகு தொட்டியின் மேல் மூச்சுக்குழாயிலிருந்து காற்று நிறத்தோடு வந்தது. கனமான காற்று. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்தது. டிரைவர் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினான். தம்பி பம்பை நிறுத்தினான். நிறுத்தியும் டேங்கரிலிருந்தது தானாக இறங்கிக்கொண்டிருந்தது. காற்று துவைக்கும் அறைப் பக்கம் அடித்தது. அவன் சுற்றி வந்து, ஆணியிலிருந்த துண்டை ஷவரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு போய் டேங்கர் வால்வை மூடினான். போகும் வழியில் துவைக்கும் அறைக் கதவை உதைத்தான்.

"அண்ணி, ஓடு! பின்னால போகாத, முன்பக்கமா ஓடு!"

அவள் அவனைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது அப்போதுதான். முகத்தில் பாதி சிவப்புத் துண்டு.

வால்வை மூடிவிட்டு அவன் நடந்தே வெளியே வந்தான். இருமினான். கண் சிவந்திருந்தது. முதலுதவி அறையில் முகத்தைக் கழுவிவிட்டார்கள், உடுப்பை மாற்றினார்கள். குடிக்கப் பால் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பேசினான். ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய்ப் படு என்று சூப்பர்வைசர் சொன்னார். இந்தக் காற்றை மூச்சில் வாங்கியவன் நன்றாகத்தான் பேசுவான், பல மணி நேரம் கழித்துத்தான் நெஞ்சில் நீர் கோக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

"என்ன வாடை உங்க மேல?" வீட்டுக்கு வந்ததும் சின்னவள் கேட்டாள்.

"என்னைப் பிளீச் பண்ணிட்டாங்க. காலைல பாரு, தும்பைப்பூ மாதிரி இருப்பேன். உனக்கே அடையாளம் தெரியாது."

"சும்மா இருங்க. மூச்சு ஏன் இப்படி இழுக்குது?"

"ஓடினேன்ல. அதான். சோத்தைப் போடு."

போட்டாள். பிசைந்தான். சாப்பிடவில்லை. தட்டில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

*

விசாரணை ஆலை ஆபீசிலேயே நடந்தது. துண்டு எந்தக் குழாயில் இருந்தது என்று டிரைவரைக் கேட்டார்கள்.

"எடது பக்கம் சார். துண்டு இருந்தா துண்டுக்காரர் பாத்துட்டாருன்னு அர்த்தம். அத்தனை வருஷமா அப்படித்தான் சார்."

"முடிச்சுப் போட்டிருந்ததா?"

"இழுத்தேன். வந்துடுச்சு சார்."

துண்டுக்காரர் தலையைத் தூக்கினார். அவருடைய முடிச்சு இழுத்து வருவதில்லை. துண்டைப் பெஞ்சில் விட்டதும், துவைக்கும் அறையில் யார் இருந்தது என்பதும் அப்போது அவருக்குள் ஒன்றாகச் சேர்ந்தன.

"நான்தான் கட்டினேன். அவசரத்துல எடம் மாறிப்போச்சு. சரியா இறுக்கவும் இல்ல" என்றார்.

ஆபீசர் எழுதிக்கொண்டார். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சுத்தமாக எழுதி வைக்கிறோம், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் சின்னவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் உள்ளே வந்தால் எழுந்து தன் அறைக்குப் போனாள். அவர் சாப்பிட்ட தட்டை எடுக்கமாட்டாள். மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "கூடப்பிறந்தவனையே இப்படியா" என்று இழுத்தபோது மட்டும், "வேற வேலை இருந்தாப் பாருங்க" என்றாள்.

மூத்தவள் துணி காயப்போடும்போது கிளிப் மாட்டுவதில்லை. கிளிப் டப்பாவை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

கையெழுத்துக்கு முந்தின நாள் சாயந்தரம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அது நீங்க கட்டினது இல்லைங்க."

"கொழம்பை ஊத்து."

"நான் தொவைச்சுப் போட்டது. நான் போய்ச் சொல்லிடுறேன்."

"யார்கிட்ட?"

"ஆபீசர்கிட்ட. மொதல்ல அவகிட்ட."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. அவ என்னை வெறுத்துட்டா. சரி, வெறுக்கட்டும். நான் காலைல வெளில போனா ராத்திரிதான் வருவேன். நீ அப்படியா? நாளெல்லாம் அவகூட ஒரே அடுப்புல நிக்கணும். உன்னையும் வெறுத்தா அவளுக்கு இந்த வீட்டுல யாரு இருக்கா?"

"பொய் சொல்லிட்டு அவ மூஞ்சியைப் பாக்க முடியலைங்க. காலைல டீ போட்டுத் தரா. வாங்கிக் குடிக்கிறேன். உள்ளே எறங்கமாட்டேங்குது."

"துண்டை நான் பெஞ்சில விட்டேன். அது என் தப்புத்தானே? துண்டை நம்பி வேலை செஞ்சது என் தப்புத்தானே? அப்புறம் எது பொய்?"

"குழாயில போட்டது யாரு?"

அவர் சோற்றை உருட்டி ஓரமாக ஒதுக்கினார். கை கழுவிக்கொண்டு வெளியே போனார்.

*

சின்னவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மூத்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கழுவியதை வாங்கித் துடைத்தாள். ரெண்டு மூன்று பாத்திரம் அப்படியே போயிற்று.

"நாளைக்குக் கையெழுத்துப் போடப்போறாரு" என்றாள் மூத்தவள்.

"ம்."

"அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் துண்டு..."

"தெரியும்க்கா."

மூத்தவளின் கையில் டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தெரியும்?"

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். தன் அறையிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்தாள். ஆலையிலிருந்து அவனுடைய சாமான்களைப் போட்டுக் கொடுத்தனுப்பிய பை. செருப்பு, டிபன் பாக்ஸ், சீப்பு. அடியில் சிவப்புத் துண்டு, சுருட்டிய வாக்கில் காய்ந்து விறைத்திருந்தது. வாய்ப் பக்கம் வெளுத்து, பழுப்பாக ஒரு திட்டு. அதன் ஒரு முனையில் ஒரு துணிக் கிளிப் கவ்விக்கொண்டிருந்தது.

"மூக்குல கட்டிட்டுப் போனாருல்ல. அவரோடதுன்னு நெனச்சுப் போட்டு அனுப்பிட்டாங்க. ஆம்பளைங்க யாருக்கா துண்டுக்குக் கிளிப் மாட்டுவாங்க?"

மூத்தவள் கிளிப்பைப் பார்த்தாள். தொடவில்லை.

"பை வந்த அன்னைக்கேவா?"

"ம்."

"அப்ப ஏன் அவரை... அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே நீ."

"பேசினா அழுதுடுவேன். அழுதா இதையும் சொல்லிடுவேன். உங்களுக்காகத்தான் மாமா பழியைத் தலையில போட்டுக்கிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா அவரு என்னக்கா ஆவாரு? அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடமாடுறாரு."

"என்னைத் திட்டுடி. நாலு வார்த்தை திட்டு."

"எதுக்கு? தொவைச்சதுக்கா?"

"திட்டு."

சின்னவள் மறுபடி உட்கார்ந்தாள். கழுவாத பாத்திரம் ஒன்றுதான் மிச்சம். அதைத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

"அந்தக் குழாய்ங்கள்ல பூட்டு இருந்துச்சு, தெரியுமா?"

"எப்பவோ பாத்திருக்கேன்."

"துருப்பிடிச்சுச் சாவி போகலையாம். டிரைவர் காத்திட்டிருக்கான், அறுத்து எறிடான்னு சூப்பர்வைசர் சொன்னாராம். புதுசு வாங்கித் தரேன்னாராம். யாரு அறுத்தாங்கன்னு கேளுங்க."

மூத்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இவருதான். வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. ரெண்டு பூட்டையும் அறுத்தேன், இனிமே எங்கண்ணன் துண்டுதான் பூட்டுன்னு. நானும் சிரிச்சேன்க்கா." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நான் யாரைத் திட்டுவேன்? சொல்லுங்க."

"சூப்பர்வைசர் சொல்லித்தானே அறுத்தான்? நாளைக்கு இவரை அதைச் சொல்லச் சொல்றேன். பூட்டு இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"வேண்டாம்."

"ஏன்டி?"

"வாயால சொன்னதுக்குச் சாட்சி யாரு? அறுத்தது யாருன்னு கேப்பாங்க. செத்தவன்தான்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அவனே அறுத்தான், அவனே செத்தான்னு. அவரு போய் வால்வை மூடினாருக்கா. மூடலைன்னா நீங்க இல்ல, அந்த ரூம்ல இருந்த இன்னொரு அக்கா இல்ல. அது மட்டும் அவருக்கு இருக்கட்டும்."

மூத்தவள் அழுதாள். சின்னவள் அழவில்லை. துண்டைத் திரும்பச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். கிளிப்பை எடுக்கவில்லை.

"காலைல எங்கண்ணன் வரான்" என்றாள். "அம்மா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

"எத்தனை நாளு?"

"பாக்கலாம்."

"என்னாலதானே போற?"

"உங்க மேல கோபம் இல்லக்கா. சத்தியமா இல்ல." நிறுத்தினாள். "நீங்க துணி பிழியும்போது மட்டும்... உங்க கையைப் பாக்க முடியல."

*

காலையில் மழை விட்டு வானம் மூட்டமாக இருந்தது. சின்னவளின் அண்ணன் வந்தான். மெஷினைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். கொஞ்ச நாளுக்குப் போகிறவர்கள் மெஷினை எடுத்துப்போவதில்லை.

துண்டுக்காரர் ஆபீசுக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். சின்னவள் அவரைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. நின்றாள்.

"வரேன் மாமா."

அவர் தலையை ஆட்டினார்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோ போனதும் அவர் மனைவியைப் பார்த்தார்.

"பேசினா" என்றார்.

"ம்."

"கொஞ்சம் கோபம் கொறைஞ்சிருக்கும்போல."

"ஆமாங்க."

அவர் ஆபீசுக்குப் போனார். மூத்தவள் லீவு சொல்லியிருந்தாள். வீட்டில் சேர்ந்திருந்த துணியையெல்லாம் எடுத்துப்போட்டுத் துவைத்தாள். சின்னவள் விட்டுப்போன தலையணை உறையும் அதில் இருந்தது. பிழிந்து வாளியில் போட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கொடி காலியாக இருந்தது. ஒரு துணியை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திரும்ப வாளியில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அவர் வந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நல்லபடியா பேசினாங்க. டீ குடுத்தாங்க." செருப்பைக் கழற்றினார். "கொட்டகைப் பக்கமாப் போய்ப் பாத்துட்டு வந்தேன். பூட்டுப் போட்டிருக்காங்க. ரெண்டுக்கும். எழுத்தும் புதுசா எழுதிட்டாங்க, இவ்ளோ பெரிசா."

"எப்பப் போட்டாங்களாம்?"

"நேத்து."

அவர் வாளியைப் பார்த்தார். துணி அப்படியே இருந்தது. அவளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வாளியைக் கொடிக்குக் கீழே நகர்த்தினார்.

முதலில் ஒரு சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். லேசாகக் காற்று வந்தது. சட்டை அசைந்தது. அவர் அதன் இரண்டு கைகளையும் பிடித்துக் கொடியோடு சுற்றி முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அடுத்ததை எடுத்தார்.

"அப்படி முடிச்சுப் போட்டாக் காயாதுங்க" என்றாள் அவள்.

"காயாட்டிப் போகட்டும்."

தலையணை உறைக்கு முடிச்சுப் போட முனை போதவில்லை. அதை ரெண்டு கையாலும் கொடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.